அஞ்சடிப் பேச்சு: இரண்டு பேர், ஒரே பெயர்

சென்ற மாதக் கடிதக் கட்டில் ஒன்று, பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியது. பேரன் கைத்தொலைபேசியில் 'பாசமலர்' பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினானாம். திரையில் இசை என்ற இடத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் பெயர் மட்டும் இருந்ததாம். "கூட இருந்தவர் எங்கேடா?" என்று இவர் கேட்க, "அப்படி யாரும் இல்லையே தாத்தா" என்றிருக்கிறான் பையன். பெரியவருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. "அந்த இரண்டு பேரும் ஏன் பிரிந்தார்கள்? பிரிந்துவிட்டால் ஒருவரை இப்படித் துடைத்துப் போட்டுவிடலாமா? அஞ்சடியில் பேசுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பேசுவோம். பெயரன் மேல் குற்றமில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டது யார் என்பதுதான் கேள்வி.

நம் தோட்டங்களில் 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்பது இரண்டு பெயராக இருந்ததே இல்லை. ஒரே மூச்சில் சொல்லும் ஒரே பெயர் அது. பெரட்டுக் களத்தில் வரிசை நிற்கும்போதும், மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரிடம் பாட்டுக் கேட்கும்போதும், அந்தப் பெயரை நடுவில் வெட்டி யாரும் சொன்னதில்லை. சிறு பிள்ளைகள் பலர், அவர் ஒரே ஆள், அவருடைய அப்பா பெயர்தான் மற்றது என்று நினைத்திருந்தார்கள்.

ராமமூர்த்தி மூத்தவர். 1922-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கையில் வயலின். விஸ்வநாதன் 1928-இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். அவருக்கு ஆர்மோனியம். இருவரும் சி.ஆர்.சுப்பராமனின் இசைக்குழுவில் வேலை பார்த்தார்கள். 1952-இல் சுப்பராமன் சின்ன வயதிலேயே போய்விட, 'தேவதாஸ்' உட்பட அவர் பாதியில் விட்டுப்போன வேலைகள் இந்த இருவர் கைக்கு வந்தன. அதே ஆண்டு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தம்முடைய 'பணம்' படத்துக்கு இருவரையும் சேர்த்தே இசையமைக்க வைத்தார். அப்போது மூத்தவருக்கு வயது முப்பது, இளையவருக்கு இருபத்து நான்கு. பெயர் போடும்போது இளையவர் முன்னால், மூத்தவர் பின்னால். அது கலைவாணர் செய்த ஏற்பாடு என்பார்கள். ஆறு வயது மூத்தவர் அதற்குச் சரி என்று பின்னால் நின்றாரே, அந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு 13 ஆண்டுகள். இசைக் கச்சேரிக்குப் போய்ப் பழகாதவன் வாயிலும் அடங்குகிற மெட்டை அவர்கள் கொடுத்தார்கள். 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தைச் சென்னையில் 1963-இல் கொடுத்தார்கள் என்றாலும், நம் லயங்களில் அந்தப் பட்டம் அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் கையுமாக நிரையில் போகிற பெண்ணுக்குத் தாளம் போட யாரும் வேண்டாம். மரத்துக்கு மரம் நடக்கிற நடையே தாளம். அந்த நடைக்குள் வந்து உட்காருகிற பாட்டுகள் இவர்களுடையவை. நீளமான ஆலாபனையோடு பால் மரம் வெட்ட முடியுமா?

காலமும் சேர்ந்து வந்தது. 1948-இல் தொடங்கிய அவசர காலம் 1960 ஜூலையில்தான் முடிவுக்கு வந்தது. ஊரடங்கும் முள்வேலியுமாகக் கிடந்த தோட்டங்களில் இரவு நடமாட்டம் திரும்பியது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால், பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பேட்டரியில் பாடும் வானொலிப் பெட்டியும் அந்தக் காலத்தில்தான் லயத்துக்குள் நுழைந்தது. பட்டணத்துக்காரர்களுக்கு ரெடிபியூஷன் பெட்டி இருந்தது. அப்படிப் பயம் தெளிந்து காதைத் திறந்த நேரத்தில், 1961-இல் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. 'பாசமலர்' பாட்டைக் கேட்டு அழாத அண்ணன் எந்தத் தோட்டத்தில் இருந்தான்? தங்கையை வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பியவர்களுக்கு அது சினிமாப் பாட்டாகவா இருந்திருக்கும்?

அதற்கும் முன்னால், 1959-இல், 'பாகப்பிரிவினை'. அண்ணன் தம்பி குடும்பம் இரண்டாகிற கதை. கிராமத்து மண் வாசனையுள்ள மெட்டுகள். அந்த நாளில் நம் நாட்டில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். துண்டாடல் என்ற சொல்லே நமக்கு அப்போதுதான் பழக்கமானது. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறந்து வளர்ந்த லயத்தை விட்டுச் சட்டி பானையோடு வெளியேறியவர்கள், 'பாகப்பிரிவினை' என்ற பெயரைப் பார்த்ததும் யாருடைய வீட்டை நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1964-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 'கர்ணன்' வந்தது. வடநாட்டு இராகங்களும் வாத்தியங்களும் அரண்மனையாக எழுந்து நின்றன. 'காதலிக்க நேரமில்லை' வந்தது. மேல்நாட்டுத் துள்ளல், இளவட்டங்களின் கும்மாளம். 'படகோட்டி' வந்தது. மீனவர் துயரம், வாலியின் பாட்டுகள். 'புதிய பறவை' வந்தது. பெரிய பெரிய வாத்தியக் கூட்டம். 'பச்சை விளக்கு', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அதே ஆண்டுதான். ஒரே அடுப்பில் இத்தனை பதார்த்தம் இறக்கிய கைகள், மறு ஆண்டோடு சேர்ந்து சமைப்பதை நிறுத்திவிட்டன.

1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. தீவில் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் எழுந்து நிற்கும் கதை. கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் அதைக் கைதட்டிப் பார்த்தோம். அதோடு கூட்டணி முடிந்தது. இனி தனித்தனியாக என்று செய்தி வந்தது. அதே 1965 ஆகஸ்டு 9-இல்தான் சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்தன. அக்காள் ஜொகூரில், தம்பி சிங்கப்பூரில் என்றிருந்த குடும்பங்களுக்கு அந்த ஆண்டு பிரிவு என்ற சொல்லே பிடிக்காமல் போனது.

ஏன் பிரிந்தார்கள்? பெரியவரின் கேள்விக்கு என் பதில் குறைவுதான். பணம் என்றார்கள், பெயர் என்றார்கள், நடுவில் நின்று மூட்டிவிட்டவர்கள் என்றார்கள். கள்ளுக்கடைப் பேச்சில் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் சம்பந்தப்பட்ட இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சந்தியில் நின்று குறை பேசவில்லை. அவர்களே மூடி வைத்ததை நாம் தோண்ட வேண்டாம் என்பது என் கருத்து. அண்ணன் தம்பிக்குள் பிரிந்தால்கூட, பாத்திரம் பண்டத்துக்காக வாசலில் நின்று கத்துகிற ஊர் நம்முடையது.

நம் இரசிகர்கள் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ஆகாதது. பிரிவுக்குப் பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். மெட்டெல்லாம் விஸ்வநாதன், வாத்தியச் சேர்ப்பெல்லாம் ராமமூர்த்தி என்றது ஒரு கட்சி. இல்லை, கர்நாடக இசை தெரிந்த மூத்தவர்தான் மூளை என்றது இன்னொரு கட்சி. புருஷன் வெட்டி, பெண்டாட்டி மங்கு மங்காகப் பால் எடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டோரில் நிறுத்திய பாலில், எந்த ராத்தல் யாருடையது என்று கேட்பீர்களா? 13 ஆண்டு ஒரே பாயில் உட்கார்ந்து செய்த வேலையும் அப்படித்தான்.

பிரிந்த பிறகு இளையவர் மலையேறினார். 'கலங்கரை விளக்கம்', 'அன்பே வா' என்று தொடங்கி நூற்றுக்கணக்கில் படங்கள். சிங்கப்பூர்த் தெருக்களையே நமக்குத் திரையில் காட்டிய 'நினைத்தாலே இனிக்கும்' (1979) அவருடைய இசைதான். அந்தப் புகழ் அவருக்கு உரியது. அதில் ஒரு துளியையும் குறைக்க நான் வரவில்லை.

மூத்தவருக்குக் கிடைத்தவை இருபது படங்களுக்குள்தான். இருந்தாலும் எடுத்துக் கேட்டுப் பாருங்கள். 1966-இல் 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'மறக்க முடியுமா'. 1967-இல் 'நான்'. 1969-இல் சிவாஜிக்கு 'தங்கச் சுரங்கம்'. சரக்குத் தீர்ந்துபோன மனிதரின் வேலையா அது? 'நான்' பாட்டுகளை நம் கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை போட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதையும் விஸ்வநாதன் கணக்கில் எழுதிவிட்டார்கள். படங்கள் வருவது குறைந்தது. காரணம் திறமைக் குறைவல்ல. அந்தத் தொழிலில் கூப்பிடும் ஆள் இருந்தால்தான் வேலை. கூப்பிடுகிறவர்கள் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் போவார்கள். மண்டோர் கண்ணில் படாத நல்ல வெட்டுக்காரர்களை நமக்குத் தெரியாதா?

முப்பது ஆண்டு கழித்து, 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படத்தில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். ஒருவருக்கு 73, மற்றவருக்கு 67. நம் பழைய இரசிகர்களுக்குத் தீபாவளி வந்ததுபோல இருந்தது. ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. இளையராஜா வந்து, அவருக்குப் பின் ரகுமானும் வந்துவிட்ட நாள் அது. அந்தப் பாட்டுகள் பழையவற்றைப்போல ஊன்றவில்லை. அதனால் என்ன? சுவரொட்டியில் அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தோம். பார்த்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு விழா. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசுகளும், ஒரு காரும் கொடுத்தார். இருவரும் சேர்ந்து இசையமைத்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் நாயகி அவர்தான். ராமமூர்த்தி தனியாக இசையமைத்த 'நான்' படத்தின் நாயகியும் அவர்தான். தொண்ணூறு வயதில் மூத்தவருக்கும் இளையவருக்கும் சரி பங்கு கிடைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பாகம் பிரித்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதுபோல இருந்தது. பத்ம விருது மட்டும் இருவருக்குமே வரவில்லை. அந்தக் குறையில்கூட இருவருக்கும் சரி பங்கு.

2013 ஏப்ரல் 17-இல் ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14-இல் விஸ்வநாதன் மறைந்தார். இளையவர் போனபோது உலகமெங்கும் அழுதார்கள், முறைதான். மூத்தவர் போனபோது, நம் பக்கத்தில் பல பேருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகையால் தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 1952-இலிருந்து 1965 வரை வந்த அந்தப் படங்களின் பாட்டைப் பிள்ளைகள் போட்டால், பெயரைச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கைத்தொலைபேசிக்கு யாரோ அரைகுறையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒன்றும் சாசனம் அல்ல. சந்தேகம் வந்தால் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய இசைத்தட்டு உறையையோ, படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர் வரிசையையோ காட்டுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பழைய எழுத்தைப் படிப்பதில் ஓர் ஆசையும் உண்டு.

இன்னொன்று. 'தேன்மழை', 'மறக்க முடியுமா' இரண்டுக்கும் இசைத்தட்டோ ஒலிநாடாவோ பத்திரமாக வைத்திருப்பவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தட்டை அனுப்ப வேண்டாம், தபாலில் உடைந்துவிடும். உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து எழுதினால் போதும். தோட்டத்தின் பெயரையும் ஊரையும் தெளிவாகப் போடுங்கள். சென்ற முறை வந்த மூன்று கடிதங்களில் யார் எங்கிருந்து எழுதினார்கள் என்றே தெரியவில்லை.