அனகோண்டாவுக்கு யானையோடு உறவில்லை

‘அனகோண்டா’ என்ற ஆங்கிலப் பெயர் நம் ‘ஆனைகொன்றான்’தான் என்று மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் அடித்துச் சொல்கிறார்கள். தமிழ்ப் பற்றில் சொல்கிறார்கள். அந்தப் பற்று எனக்கும் உண்டு, அதனால்தான் மறுக்கிறேன்.

ஒலி பொருந்துகிறதே என்பார்கள். இன்றைய வடிவத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தும். பழைய பதிவைப் பார்க்க வேண்டும். 1693இல் ஜான் ரே லத்தீனில் வெளியிட்ட விலங்கு நூலில், லெய்டன் அருங்காட்சியகப் பாம்புகளின் பட்டியலில், ‘அனகண்டாயா’ என்று இருக்கிறது. இலங்கையர் வழங்கும் பெயராம். எருமைகளையும் உழவு மாடுகளையும் நொறுக்குமாம். யானை அதில் வரவே இல்லை. ‘கொன்றான்’ என்பதற்கு ‘ஆயா’ என்ற ஈறு எங்கிருந்து வந்தது? சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்றொரு பாம்புப் பெயர் உண்டு. ஈறு உட்பட ஒத்துப்போகிறது.

அடுத்து, ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே தமிழ் மூலம் சொல்கிறது என்று காட்டுவார்கள். 1886இல் யூலும் பர்னலும் அப்படி ஊகித்தது உண்மை. ஆனால் 1897இல் டொனால்டு ஃபெர்குசன் ‘ஹெனகந்தயா’வை எடுத்துக்காட்டினார். 1903இல் வந்த இரண்டாம் பதிப்பு அவர் விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. முதல் பதிப்போடு நின்றுவிட்டு அகராதியைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

ஹெனகந்தயா மலைப்பாம்பு அல்ல என்பதுதான் இதில் விசேஷம். கொடிபோல் மெலிந்து, மரக்கிளையோடு கிளையாகத் தொங்கும் பச்சைப்பாம்பு அது. நம்மூரில் கண்கொத்திப் பாம்பு என்கிறோமே, அதே இனம். ‘ஹென’ மின்னல், ‘கந்த’ தண்டு. ஓணானையும் தவளையையும் பிடித்துத் தின்னும் இந்தப் பாம்பின் பெயர், மாட்டை நொறுக்கும் மலைப்பாம்பின் வர்ணனையோடு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

இவ்வளவு பெரிய பாம்பை இலங்கையில் பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்களே என்றும் ஒரு வாதம். 1768இல் ‘ஸ்காட்ஸ் மேகசின்’ இதழில் வந்த கடிதத்தைத்தான் சொல்கிறார்கள். அதில் அனகோண்டா ஒரு புலியைச் சுற்றி வளைத்து எலும்பை முறிக்கிறது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது. அந்தக் கடிதத்தை நம்பி எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்தக் கதைதான் பெயரை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் அதைத் தென்னமெரிக்க நீர்ப்பாம்புக்குச் சூட்டினார். அந்தப் பாம்பு வாழும் ஆறுகளின் கரையில் காட்டு யானையே கிடையாது.