உப்பு கரைந்த வழி
டீசல் இன்ஜினின் வலிமை என்றாலே எல்லோரும் உலோகத்தைத்தான் பேசுகிறார்கள். என் ஓட்டு, பிஸ்டன் தலைக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு. இன்றைய கனரக லாரி இன்ஜின்களில் எரிப்பின் உச்ச அழுத்தம் 200 பாரைத் தாண்டுகிறது. பிஸ்டனுக்கு அடிப்படையான அலுமினியமோ 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் பாதிச் சூட்டிலேயே தளர ஆரம்பித்துவிடும். அதனால்தான் பிஸ்டன் ரிங்குகளுக்குப் பின்னால் சுற்றி ஓடும் ஓர் ஆயில் குகை. அலுமினிய பிஸ்டனில் அதைச் செய்யும் விதமே தனி அழகு: உப்பை வளையமாக அழுத்தி, சுட்டு, அச்சுக்குள் வைத்து உலோகத்தை ஊற்றுவார்கள், பிறகு தண்ணீரைப் பாய்ச்சினால் உப்பு கரைந்து ஓடிவிடும், வழி மிஞ்சும். (எத்தனை நவீன ஆலையானாலும் கடைசியில் உப்புதான்!) கீழிருந்து பீய்ச்சப்படும் ஆயில் குகையை முழுக்க நிரப்பக் கூடாது. கொஞ்சம் காலியாக இருந்தால்தான் பிஸ்டன் ஏறி இறங்கும்போது குலுங்கி, சூட்டை வாரிக்கொண்டு போகும். 2014-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார் டீசலுக்கும் எஃகு பிஸ்டனைக் கொண்டுவந்தது. எஃகு தாங்கும், சரி. ஆனால் சூட்டைச் சட்டென்று கடத்தாது. தலை இன்னும் கொதிக்கும், குகைக்குள் ஆயில் கருகிப் படியும், படிந்த கரி சூட்டை வெளியே விடாது. எஃகுக்கு மாறிவிட்டோம் என்று பெருமை பேசுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆயில் மாற்றும் இடைவெளியை ஏன் நீட்டிக்கொண்டே போகிறீர்கள்?