கவனக்குறைவு என்று எழுதி முடிக்கும் முன்

2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்குத் தம் வங்கி அனுப்பியதுபோலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. அது கேட்ட விவரங்களை அவரும் கொடுத்தார். ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையிலிருந்த அவர் கணக்கிலிருந்து ரூ.6.46 லட்சம் அதே வங்கியில் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. அதில் பெரும்பகுதியை மும்பைக் கிளையில் ரொக்கமாகவே எடுத்துவிட்டார்கள். தவறு வாடிக்கையாளருடையது என்றது வங்கி.

தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தமிழக அரசின் தீர்ப்பு அலுவலர் விசாரித்து, 2010 ஏப்ரலில் ரூ.12.85 லட்சம் இழப்பீடு தர உத்தரவிட்டார். பணம் போய்ச் சேர்ந்த கணக்கைப் பற்றியும் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றியும் அவர் கேட்ட கேள்விகள்தாம் அந்த வழக்கின் உயிர். வங்கியின் மேல்முறையீடு 2019இல் தள்ளுபடியானது.

நம் வங்கிக் கிளைகளில் இன்றும் இத்தகைய புகாரின் மேல் முதலில் விழும் குறிப்பு ‘வாடிக்கையாளரின் கவனக்குறைவு’ என்பதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் அப்படி எழுதத் தயங்குவார்கள். அதன்படி, கடவுச்சொல்லைத் தாமே கொடுத்தவர்கூடப் புகார் செய்யும்வரையிலான இழப்பை மட்டுமே சுமக்க வேண்டும். அதன் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமையும் வங்கிக்கே. புகார் வந்ததும் கணக்கை முடக்காமல் விண்ணப்பப் படிவம் தேடும் ஒவ்வொரு நிமிடமும் வங்கியின் கணக்கில்தான் ஏறுகிறது.

அந்தமானில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. தவறு இரு தரப்பிலும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பே இல்லை என்கிறது அந்தச் சுற்றறிக்கை. சென்னையில் கப்பலேறியவர் அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறங்கவே ஏறக்குறைய மூன்று நாளாகும். நடுக்கடலில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் தீவுகளுக்கு வேகமான இணையத்தைத் தந்தது. கப்பலில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஆனால் நாள் கணக்கு தொடங்குவது பணம் போன நாளிலிருந்து அல்ல, வங்கியின் தகவல் வாடிக்கையாளருக்குக் கிடைத்ததிலிருந்து. கிடைத்த நாளும் சேராது. குறுஞ்செய்தி புறப்பட்ட நேரத்தையே கிடைத்த நேரமாக எடுத்துக்கொண்டு தீவுக்காரரின் புகாரைக் ‘காலதாமதம்’ என்று ஒதுக்குவது அநியாயம். பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும்.

மோசடியைத் தடுக்கக் கிளைகளில் மாட்டும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கட்டும்; அவை மட்டும் போதாது. வங்கிகள் தம் இணைய முகவரிகளை ‘பேங்க்.இன்’ களத்துக்கு மாற்ற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31வரை கெடு தந்தது. போலி முகவரியை மக்கள் அடையாளம் காண இது நல்ல வழி. ஆனால் நாமே மின்னஞ்சலில் ‘இங்கே அழுத்தவும்’ என்று இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தால், மோசடிக்காரனுக்கு வேண்டிய பழக்கத்தை நாமே கற்றுக்கொடுக்கிறோம். அதைவிட முக்கியம், திருட்டுப் பணம் இறங்கும் மியூல் கணக்குகள். அவற்றைத் திறந்தவை நம் கிளைகள். கேஒய்சி பார்த்ததாகக் கையெழுத்திட்டவர்கள் நம் சக ஊழியர்கள்.

ஹேடோவிலும் தீவுகளின் மற்ற இடங்களிலும் பணிபுரியும் மேலாளர்களே, கப்பல் பயணிகளின் புகாரில் நாட்களை எப்படி எண்ணுவது என்று உங்கள் தலைமை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்கும்படி வாடிக்கையாளரைக் கைகாட்டி அனுப்பாமல், உங்கள் மேசையிலிருந்தே அழைத்துக் கொடுங்கள்.