பூட்டிய பள்ளியும் திறந்த வீடும்

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில் இன்றும் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழுகின்றது. “பள்ளி தன் கடமையைச் செய்தது, பெற்றோர்தாம் பொறுப்பின்றி இருந்துவிட்டனர், அதனால்தான் பிள்ளைகள் பின்தங்கினர்” என்பதே அக்குற்றச்சாட்டு. சொல்பவருக்கு ஆறுதலாகவும் கேட்பவருக்கு இசைவாகவும் இருப்பதால், இஃது ஆராயப்படாமலேயே உண்மையெனக் கொள்ளப்பட்டுவிட்டது. சற்று ஆராய்ந்து பார்ப்பின், தீர்ப்பு வேறாக அமையும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் திறந்த தொடக்கப்பள்ளிகள் நவம்பர் 9ஆம் நாள் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் திறந்தவை மே மாதத்தில் மறுபடியும் மூடப்பட்டு, அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கிப் படிப்படியாகவே திறக்கப்பட்டன. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை, 2022 மார்ச்சில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் சென்று அமர்ந்தது. உயிரும் மெய்யும் கற்று, உயிர்மெய்யைக் கூட்டி வாசித்து, சொல்லைச் சொல்லோடு சேர்த்துத் தொடராக்கப் பழக வேண்டிய ஈராண்டுகளின் பெரும்பகுதியை அக்குழந்தை வீட்டிலேயே கழித்தது. அந்த ஈராண்டுகளில் வீடுதான் பள்ளியாக இருந்தது. அவ்வாறாயின், அந்த வீட்டுக்குப் பள்ளி செய்த துணை யாது? கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவே.

“இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல்” என்னும் அழகிய பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெயரில் இல்லம் இருந்தது. செயலில் இல்லம் எண்ணிப் பார்க்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு பெற்றோரிடையே நடத்திய ஆய்வு, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்று காட்டியது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ முப்பத்தேழு பேர்! கருவி உடையோர் பலரிடமும் இருந்தது கைப்பேசி ஒன்றே; அதுவும் பிள்ளைக்கென வாங்கியதன்று.

நகர்ப்புறத்து மலிவுவிலை அடுக்குமாடி வீடு ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். தாய்க்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. தந்தை சரக்குந்து ஓட்டுநர். பள்ளிப் பிள்ளைகள் மூவர். இணைய வசதியுள்ள கைப்பேசி ஒன்று. அது காலை ஆறு மணிக்குத் தந்தையோடு வெளியேறி இரவு ஏழு மணிக்குத் திரும்பும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேர இயங்கலை வகுப்பு எனக் கொண்டால், அந்த ஒரு கைப்பேசி ஒன்பது மணி நேரம் வீட்டில் இருத்தல் வேண்டும். இரவு ஏழு மணிக்கு மேல் ஒன்பது மணி நேரத்தைத் தேடினால் விடியற்காலை நான்கு மணியாகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே, வருகைப் பதிவில் அப்பிள்ளைகளின் பெயருக்கு நேரே “வரவில்லை” என்று குறிக்கப்பட்டது. பின்னர் வகுப்புப் புலனக் குழுவில், எல்லாப் பெற்றோரும் காணும்படி, வராதோர் பட்டியலும் வெளியிடப்பட்டது. இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்த தாய் காலையில் முதலில் கண்டது அப்பட்டியலைத்தான். பொறுப்பின்மை எங்கிருந்தது என்பதை ஆசிரியப் பெருமக்களே சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தவையும் எத்தகையன? பயிற்சித் தாள்களின் படங்கள் வந்தன. இணைய இணைப்புகள் வந்தன. “அச்சிட்டுச் செய்து, படமெடுத்து, மாலைக்குள் அனுப்புக” என்னும் கட்டளைகள் வந்தன. அச்சுப் பொறி எத்தனை வீடுகளில் உண்டு என்று கேட்டவர் சிலரே. பிள்ளை கற்றதா என்பதைக் காட்டிலும், கற்றதற்குச் சான்றாக ஒரு படம் வந்ததா என்பதே பெரிதாயிற்று. அதன் விளைவு யாவரும் அறிந்ததே. பல வீடுகளில் அக்காள் எழுதினாள். தம்பி படத்திற்கு முகம் காட்டினான். கோப்பு நிறைந்தது, குழந்தையின் அறிவு நிறையவில்லை.

“பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களால் என்ன சொல்லிக் கொடுக்க இயலும்?” என்பது அடுத்த வாதம். தமிழ்ப்பள்ளியில் நின்றுகொண்டு இவ்வாதத்தைச் சொல்வோர், தாம் நிற்கும் கிளையையே வெட்டுகின்றனர். பினாங்கில் 1816ஆம் ஆண்டில் தமிழ் வகுப்புத் தொடங்கிய நாள்முதல் இந்நாட்டில் தமிழ்க்கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அதனைத் தாங்கி நின்றவர் யார்? பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்து, லயத்து வீட்டில் பிள்ளைக்குத் தமிழில் கதை சொன்ன தாய்மாரும் பாட்டிமாரும் அல்லரோ? கணிதத்தையோ அறிவியலையோ மலாய்மொழியையோ கற்பிக்க அத்தாய் தயங்கியிருக்கலாம். பேச்சுத் தமிழோ அவளுடைய சொத்து. பள்ளி திறந்திருந்த நாளில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே தமிழ் கேட்ட குழந்தை, பள்ளி மூடிய நாளில் விழித்திருக்கும் நேரமெல்லாம் தமிழ் கேட்கும் நிலையில் இருந்தது. தமிழாசிரியனுக்கு இதனினும் சிறந்த வாய்ப்பு எப்போது வாய்க்கும்? அவ்வாய்ப்பைப் பள்ளி கண்டுகொள்ளவில்லை. தாயைத் துணையாசிரியராக்குவதற்கு மாறாக, பயிற்சித் தாளைத் திருப்பி அனுப்பும் எழுத்தராக்கியது.

வீட்டில் செய்யத்தக்கவை என்ன இருந்தன என்று கேட்கலாம். சமையற்கட்டில் மைலோ டின்னால் அரிசி அளக்கும்போது பின்னம் இருந்தது. அரை டின்னும் கால் டின்னும் கரும்பலகையில் வரையும் வட்டத்தை விடத் தெளிவாக விளங்கும். பல்லாங்குழியில், குழிக்கு ஐந்து முத்து எனப் பதினான்கு குழிகளுக்கு எழுபது முத்துகளை எண்ணிப் போட்டபோது பெருக்கல் இருந்தது; முத்து இல்லாத வீட்டில் புளியங்கொட்டை இருந்தது. வாசலில் இட்ட புள்ளிக்கோலத்தில் சமச்சீர் இருந்தது. ஈரத்துணியில் முளைவிட்ட பச்சைப்பயற்றில் அறிவியல் இருந்தது. அம்மா வைக்கும் இரசத்தின் செய்முறையை வரிசை மாறாமல் எழுதுவதில் கட்டுரைப் பயிற்சி இருந்தது. பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயர் என்ன, அங்கே கோயில் எங்கிருந்தது, சம்பள நாளில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவதில் மொழியும் வரலாறும் ஒருங்கே இருந்தன. இவற்றுள் எதற்கும் இணையத் தரவு வேண்டா. அச்சுப் பொறி வேண்டா. “இன்று இதைச் செய்து பாருங்கள், அம்மா” என்று சொல்லும் ஓர் ஆசிரியரின் குரல் மட்டுமே வேண்டும். அக்குரல் பொத்தான் கைப்பேசியிலும் கேட்கும்.

அக்குரல் கேட்க வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருந்தது பாடப்புத்தகத்தோடு ஒரு மாணவன் மட்டுமல்லன். அச்சத்தோடும் பசியோடும் ஒரு குழந்தை. வறிய மாணவர்க்குப் பள்ளியில் வழங்கப்பட்டு வந்த துணை உணவு, பள்ளி வாயில் மூடியபோது அங்கே கிடைக்காமற் போயிற்று. நாட்கூலி பெற்றோர் பலர் வருவாய் இழந்தனர். 2021 ஜூலையில் உணவுக்கு வழியற்ற குடும்பங்கள் வீட்டின்முன் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்டதை நாடே கண்டது. அத்தகைய வீட்டுக் குழந்தையிடம் “பயிற்சி எங்கே?” என்பது முதற் கேள்வியாகலாமா? “சாப்பிட்டாயா? உறங்கினாயா? வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்பன அல்லவோ முதலில் வந்திருக்க வேண்டிய கேள்விகள்? குழந்தை திடீரெனப் பேச்சைக் குறைத்தால், சிறு ஒலிக்கும் அஞ்சினால், இரவில் உறங்காதிருந்தால், அதனை முதலில் உணரத்தக்க வெளியாள் வகுப்பாசிரியரே. 15999 என்னும் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே இருப்பதைக்கூடப் பல குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னாரில்லை.

ஆசிரியர் தரப்பு மறுப்பையும் கேட்டல் முறைமை. ஆசிரியருக்கும் வீடுண்டு, பிள்ளைகள் உண்டு, நோயச்சம் உண்டு என்பர். உண்மையே. தம் பிள்ளைக்கும் வகுப்புக்கும் இடையே ஒரே மேசையில் அல்லற்பட்ட ஆசிரியைகள் பலர். மேலிடத்து அறிக்கைகளே நேரத்தை விழுங்கின என்பர். அதுவும் உண்மையே. ஆயினும் அதே சுமைகளுக்கு நடுவே, பயிற்சித் தாள்களைத் தம் செலவில் அச்சிட்டு, மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகக் கொண்டு சேர்த்த ஆசிரியர்களும் இந்நாட்டில் இருந்தனர். வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லி அழைத்து, பிள்ளையின் முகம் கண்டு திரும்பினர். அவர்களைப் பள்ளிகள் பாராட்டின. அவர்கள் செய்ததைப் பள்ளியின் முறையாக்கவில்லை. தனி மனிதரின் நல்லுள்ளத்தை நம்பி ஒரு கல்வி முறை நடக்க முடியாது.

தேர்வின்மேல் பழிபோடுவதற்கும் இடமில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2020இல் நடத்தப்படவில்லை. 2021 ஏப்ரலில் அஃது அறவே நீக்கப்பட்டது. தேர்வுச் சுமை இறங்கியபின்னும் கேள்வித்தாள் மனப்பான்மை இறங்கவில்லை. 2021 பிப்ரவரி 17ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சியான டிடிக் டிவி தொடங்கப்பட்டபோது, கைப்பேசியற்ற வீடுகளுக்கு ஒரு வாயில் திறந்தது. ஆனால், தொலைக்காட்சி பேசும். பிள்ளை சொல்வதைக் கேளாது. கண்டதைப் பற்றிப் பிள்ளையோடு உரையாட வீட்டாரைப் பழக்கும் பணி பள்ளியினுடையதாகவே இருந்தது.

“முடிந்துபோன கதையை இன்று ஏன் கிளற வேண்டும்?” என்று சிலர் வினவுவர். 2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 அனைத்துலக நெருக்கடி முடிந்ததென அறிவித்தது உண்மையே. ஆனால், பள்ளி மூடப்படுவதற்குப் பெருந்தொற்றுத்தான் வர வேண்டுமென்பதில்லை. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடியது. 2021 டிசம்பரில் வெள்ளம் சிலாங்கூரில் வீடுகளையே மூழ்கடித்தது. அடுத்த பூட்டு எப்போது விழும் என்பதை யாரும் அறியார். அது விழும்போதும் பழைய படமும் பழைய பட்டியலுமே வீட்டுக்கு அனுப்பப்படுமாயின், அந்த ஈராண்டு இழப்பிலிருந்து பள்ளி எதையும் கற்கவில்லை என்பதே பொருள்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் வீட்டு நிலைக் குறிப்பு ஒன்று இருத்தல் வேண்டும்: வீட்டில் கருவி எத்தனை, எந்த நேரத்தில் யார் இருப்பர், பிள்ளையோடு தமிழில் பேசுபவர் யார் என்பன அதில் இடம்பெற வேண்டும். வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க பணிகள், ஆண்டு வாரியாக, இப்போதே தொகுத்து அச்சிடப்பட வேண்டும். பள்ளி மூடினால் வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு குடும்பத்தோடும் ஆசிரியர் பேசுதல் வேண்டும். அப்பேச்சில் பிள்ளையின் நலம் முதலாகவும் பாடம் அடுத்ததாகவும் அமைதல் வேண்டும். வராதோர் பட்டியலைப் பொதுவில் இடும் வழக்கம் ஒழிய வேண்டும். பாடம் நடத்தப் பயிற்றும் ஆசிரியர் கல்விக் கழகங்கள், பெற்றோரிடம் பேசவும் அவர் சொல்வதைக் கேட்கவும் பயிற்றுதல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை திரட்டும் அமைப்பாக மட்டும் நில்லாமல், தாய்மார் அமர்ந்து பல்லாங்குழியிலும் கோலத்திலும் உள்ள பாடத்தைத் தெரிந்துகொள்ளும் இடமாக வேண்டும்.

இன்று தமிழாசிரியராகப் பயிற்சி பெறும் இளைஞர் பலர், அக்காலத்தில் மாணவராய் வீட்டில் அடைபட்டிருந்தவர்களே. ஒரே கைப்பேசிக்காகத் தம்பி தங்கையோடு காத்திருந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளை அவர்கள் பொறுப்பில் வருகைப் பதிவேடு வரும். அதில் ஒரு பெயருக்கு நேரே “வரவில்லை” என்று எழுதுமுன், அந்த வீட்டுக்குத் தாம் சென்றதுண்டா என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக.