நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஃபினிஷ்!

அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் வீட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார். “சார், இதுக்குக் காத்துக் கறுப்பு அடிச்சிருக்கு!”

குரோமைத் திறந்தால் கூகுள் இல்லை. கேள்விப்பட்டே இராத பெயரில் ஒரு தேடல் பக்கம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தொப்பை கரைக்கும் விளம்பரம். (நண்பருக்குத் தேவைதான். அது வேறு விஷயம்.)

“ஏழு தடவை ஹோம்பேஜை மாத்திட்டேன். மறுநாள் காலைல வந்து நிக்குது, கடன்காரன் மாதிரி.”

“புதுசா என்ன டவுன்லோட் பண்ணீங்க?”

“ஒண்ணுமில்லே சார். பி.டி.எஃப்.பை வேர்டாக்க ஒரு சாஃப்ட்வேர்... ஃப்ரீ!”

அந்த ‘ஃப்ரீ’யில்தான் இருக்கிறது சூட்சுமம். இலவசத்தை இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு மூலையில் பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் அடித்த கட்டம் ஒன்று இருக்கும். ‘உங்கள் ஹோம்பேஜை நாங்களே மாற்றிக்கொள்கிறோம்’ என்று அர்த்தம். நாம் அதைப் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்! நீங்கள் தேடுவதெல்லாம் அவன் வழியாகப் போனால், விளம்பரக் காசில் அவனுக்குப் பங்கு. பெரிய இடத்திலும் இது உண்டு. விண்டோஸில் ஜாவா போட்டால் ‘ஆஸ்க்’ டூல்பாரும் பல வருஷம் தொற்றிக்கொண்டு வந்தது. 2015-ல் ஆஸ்க்கைக் கழற்றிவிட்டு யாஹூவைச் சேர்த்தார்கள்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினேன். கன்வெர்ட்டர் வந்த அதே தேதியில் கூடவே இரண்டு அனாமதேயங்கள். மூன்றையும் அன்இன்ஸ்டால் பண்ணினேன். குரோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கம் போய், தெரியாததை ரிமூவ். பிறகு ‘ரீசெட் செட்டிங்ஸ்’. புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டெல்லாம் இதில் போகாது, பயப்பட வேண்டாம். ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று மெனுவில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது சகஜம். வீட்டு லேப்டாப்பில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். (“வீட்ல ஆர்கனைசேஷன்னா என் ஒய்ஃப்தான் சார்.”)

குரோமைத் திறந்தேன். மறுபடி தொப்பை!

அப்புறம்தான் உறைத்தது. டெஸ்க்டாப்பில் குரோம் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ கட்டத்தைப் பார்த்தேன். ‘குரோம் டாட் இ.எக்ஸ்.இ’ என்பதோடு மேற்கோள் குறி முடிந்து, வரியும் முடிய வேண்டும். இதில் ஒரு இடைவெளி விட்டு அந்தப் பக்கத்தின் முகவரி, வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஹோம்பேஜை எழுபது தடவை மாற்றினாலும் ஐகானைத் தொட்டால் இதுதான் திறக்கும். வாலை அழித்து ஓகே கொடுத்தேன். கீழே டாஸ்க்பாரில் இருந்த ஐகானுக்கும் தனியாக ஒரு வால்! அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பின் பண்ணினேன். கூகுள் வந்தது.

அப்போதுதான் சாவகாசமாகச் சொன்னார். “நேத்து பேங்க் கஸ்டமர் கேர் நம்பரை இந்தப் பக்கத்துலதான் சார் தேடினேன். முதல்லயே வந்துச்சு. தங்கமான பையன், ஓ.டி.பி. கேட்டான்...”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. “சொல்லிட்டீங்களா?”

“நாலு நம்பர் சொன்னேன். அதுக்குள்ள போன்ல சார்ஜ் போயிடுச்சு.”

ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருக்கும் நிஜ நம்பருக்குப் போன் போடவைத்தேன். பணம் பத்திரம். போயிருந்தால் உடனே 1930-க்கு அடித்திருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். நன்றியில் கண் பனித்திருந்தது. லேப்டாப்பை மூடப் போனவர் திரும்பினார்.

“சார், இது திரும்ப வராம இருக்க ஒரு கிளீனர் இருக்காமே... ஃப்ரீதானாம். டவுன்லோட் பண்ணிடட்டுமா?”