ஓட்ட ஓட்ட செட்டாயிடும் சார்!

ஒர்க்‌ஷாப்புல கேக்குற வசனங்கள்லயே எனக்கு அறவே பிடிக்காத ஒண்ணு உண்டு. "ஓட்ட ஓட்ட செட்டாயிடும் சார்." புது செருப்புக்குச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். பிரேக்ல ஏர் எடுத்து முடிச்ச பிறகும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குற வண்டிக்கு இதைச் சொல்றது பெரிய பாவம்.

இதுல பாதி உண்மை ஒளிஞ்சிருக்கறதாலதான் நாம ஏமாந்துடறோம். புது பேட், புது லைனிங் போட்டா முதல் சில நூறு கிலோமீட்டர் வரைக்கும் பிடிப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பிறகு சரியாகும். ஆனா அது பிடிப்பு பத்தின கதை. பெடல் கீழ வரைக்கும் போறது வேற கதை. லைனுக்குள்ள மாட்டின காத்து ஓட்ட ஓட்ட தானா வெளிய போகாது. அதுக்கு வழியே கிடையாது.

சமாச்சாரம் ரொம்ப எளிசு. பிரேக் ஆயிலை அமுக்கினா சுருங்காது, காத்து சுருங்கும். சக்கரத்துல பிஸ்டன் நகர வேண்டிய தூரமே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுக்கான ஆயிலும் சில சொட்டுதான். நடுவுல ஒரு சின்னக் குமிழ் இருந்தாப் போதும், நீங்க மிதிக்கிற மிதி பூரா அதைச் சுருக்கறதுலயே போயிடும்.

சரி, பெடல் சாஃப்டா இருந்தா உடனே "மாஸ்டர் சிலிண்டர் போச்சு சார்"னு சொல்றதும் எனக்குப் பிடிக்காது. முதல்ல மிதிச்சுப் பாருங்க. முதல் மிதி கீழ போய், ரெண்டாவது மூணாவது மிதிக்கு மேல வந்து கெட்டியா நிக்குதா? ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து வெச்சுட்டு மறுபடி மிதிங்க. இப்போ முதல் மிதியிலயே மேல நின்னுச்சுன்னா காத்து மேல பழி போடாதீங்க. பின் ட்ரம்முல ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் பண்ணினா முடிஞ்சது. இதைப் பார்க்காம ரெண்டு பாட்டில் ஆயிலைக் காலி பண்ணினவங்களை எனக்குத் தெரியும் :-)

மேல வந்த பிறகும் ஸ்பிரிங் மாதிரி துள்ளினா காத்துதான். டிஸ்க் பிரேக்ல வலது காலிப்பரை இடதுல மாட்டியிருந்தா நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துடும். காத்து மேலயே உக்காந்திருக்கும், நீங்க நாள் பூரா ஏர் எடுத்தாலும் ஆயில்தான் வரும். காலை அழுத்தி வெச்சிருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போனா, எங்கயாவது ஒழுகுதான்னு பாருங்க. ஒழுகல் இல்லை, ஆயில் மட்டமும் குறையலைன்னா அப்பதான் மாஸ்டர் சிலிண்டர் மேல சந்தேகம்.

அதுலயும் ஒரு வேடிக்கை. பழைய வண்டில ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வைப்பாங்க. வருஷக்கணக்கா ரப்பர் போகாத இடத்துல துருவும் அழுக்கும் இருக்கும். ரப்பர் அதுல உரசிக் கிழியும். ஆக ஏர் எடுத்ததாலயே நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டர் போகலாம். பெடலுக்கு அடியில ஒரு கட்டைத் துண்டு வெச்சா இந்த வம்பே இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வித்தை காட்டுவாங்க, அதைத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நாலு மிதி மிதிச்சு, "பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு". இருக்கத்தான் செய்யும்! பூஸ்டர்ல இருந்த வாக்குவம் காலி ஆயிடுச்சே. இஞ்சின் ஓடும்போது முதல் மிதியில எங்க நிக்குதுங்கறதுதான் கணக்கு. காலை வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் இறங்கும், அது பூஸ்டர் வேலை செய்யறதுக்கு அடையாளம். அதுக்குப் பயப்பட வேண்டாம்.

புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதுல தனி ஆபத்து இருக்குன்னு நினைக்கிறேன். நம்ம ஊர் ரோடு சமதளம். கீரனூர், திருமயம், அறந்தாங்கினு மாசக்கணக்கா சாஃப்ட் பெடலோடயே ஓட்டிடலாம், மூணு தடவை மிதிச்சு நிறுத்தறது பழகிடும். ஆனா விராலிமலைப் பக்கம் மயில் குறுக்க வந்தாலோ, அன்னவாசல் ரோட்டுல ஆட்டுக்குட்டி தாவினாலோ மூணு தடவை மிதிக்க நேரம் இருக்காது. ஜல்லிக்கட்டுக்குக் காளை ஏத்திப் போற டாடா ஏஸை நினைச்சுப் பாருங்க. பின்னாடி நிக்கிற லோடே அசையுற லோடு.

அப்புறம் குடும்பத்தோட கொடைக்கானல். இறங்கும்போது பிரேக் கொதிக்கும். டாட் 3 ஆயிலோட கொதிநிலை புதுசுல குறைஞ்சது 205 டிகிரி, ஈரம் குடிச்ச பிறகு 140 வரைக்கும் வந்துடும். டாட் 4-க்கு 230, 155. ஆயில் கொதிச்சா ஆவி, ஆவின்னா மறுபடி அதே பஞ்சு.

1910-கள்ல டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்ட காலத்துல இந்த ஏர் பிரச்சினையே கிடையாது, அப்பல்லாம் ராடும் கம்பியும்தான். நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் போட்டு கார் விற்பனைக்கு வந்தது அமெரிக்காவுல 1921-ல, டூசன்பெர்க். அதே டி.வி.எஸ். குழுமம் 1962-ல பிரேக்ஸ் இந்தியா ஆரம்பிச்சு, பாடியில பிரேக்கே தயாரிக்க ஆரம்பிச்சது தனிக்கதை.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டறதும் நியாயமில்லை. ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் நிப்பிள் திறக்க. "மிதி... பிடி... விடு"ன்னு நாலு சக்கரத்துக்கும் பொறுமையா செய்யணும். அதுக்கு நாம குடுக்கிற கூலியைப் பாருங்க. "எப்ப சார் முடியும்"னு வாசல்ல நின்னு அரிக்கறதும் நாமதான். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்கள்ல ஏ.பி.எஸ். வேற இருக்கு. அந்த யூனிட்டுக்குள்ள காத்து மாட்டினா பல வண்டிகள்ல ஸ்கேனர் வெச்சு பம்பை ஓட விட்டாத்தான் வெளிய வரும். அது இல்லாத ஒர்க்‌ஷாப்காரர் "என்கிட்ட இல்லை, வேற இடத்துக்குப் போங்க"ன்னு சொன்னா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

அப்புறம், போன வருஷம் திறந்து மிச்சம் வெச்ச பாட்டில்ல இருந்து ஆயில் ஊத்த வந்தா வேண்டாம்னுடுங்க. மூடி போட்டிருந்தாலும் திறந்த பாட்டில் ஈரத்தை இழுத்திருக்கும். சீல் உடைக்காத புது பாட்டிலை உங்க முன்னாடி திறக்கச் சொல்லுங்க.