யாழ்ப்பாணர் சேர்ந்த குழு

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழகத்துச் சிவாலயங்களில் கயிலாய வாத்தியம் புத்துயிர் பெற்று வருகிறது. பிரதோஷ வேளையிலும் திருவிழாக் காலங்களிலும், திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த இளைஞர்கள் பெருமுரசும் தாளமும் முழக்க, கொக்கரையும் எக்காளமும் திருச்சின்னமும் சங்கும் ஒலிக்க, இறைவன் திருவீதி வலம் வருகின்ற காட்சி நெஞ்சை உருக்குவதாகும். வார நாள்களில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைப்பவர்களே இவர்களில் பலர். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் புதிய குழுக்கள் தோன்றிய வண்ணம் உள்ளன.

அண்மையில் தொடங்கப்பெற்ற அத்தகைய குழு ஒன்றிலிருந்து எங்கள் பகுதி இளைஞர் ஒருவருக்கு அழைப்பு வந்தது. அவருக்கு வயது 24. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணி. ஒரு வாரம் காலை முறை, மறு வாரம் மதிய முறை. ஆறு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவர். சனிக்கிழமைதோறும் முதியோர் சிலர் நடத்தும் பஜனைக்கு வாசித்து வருகிறார். புதிய குழுவினர் முரசு வாசிக்க அழைத்ததோடு, கருவிகள் வாங்குவதற்காக உறுப்பினர் ஒவ்வொருவரும் 15,000 ரூபாய் தர வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். “சேரலாமா ஐயா? மனம் அங்கே இழுக்கிறது. ஆனால் பஜனைக்காரர்களை நினைத்தால் கால் எழவில்லை” என்று கேட்டார். இந்த வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பல இல்லங்களில் பிள்ளைகளும் பெற்றோரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனவே இவ்வாரம் இதனையே எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் இசைக் கலைஞர் புதியதொரு குழுவில் சேர்ந்த வரலாற்றை நம் குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரிவாகவே பாடியிருக்கிறார். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாறு அது. அவர் பிறந்த ஊர் திருஎருக்கத்தம்புலியூர். துணைவியார் மதங்கசூளாமணியார். திருஞானசம்பந்தரைக் காண்பதற்கு முன்பே பாணர் புகழ் பெற்றவர். மதுரைத் திருவாலவாயில் இறைவன் ஆணையால் பொற்பலகை பெற்று அதன்மீதிருந்து யாழ் வாசித்தவர். திருவாரூரில் அவர் பொருட்டு வடதிசையில் வாயிலே அமைந்தது. ஆகவே மேடைக்காகவோ பெயருக்காகவோ அவர் சீர்காழிக்கு வரவில்லை.

அங்கே அவர் கண்ட குழுவின் தலைவர் யார்? ஞானப்பால் உண்ட சிறு பிள்ளை! முதுபெருங்கலைஞர் ஒருவர், பாலகர் ஒருவரின் பாடலுக்குப் பின்னே நின்று வாசிக்க முன்வந்தார். சம்பந்தர் அவரை முதலில் ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, இறைவன் திருமுன் வாசிக்கச் செய்தார். பாணரோ பிள்ளையாரின் பதிகங்களைக் கேட்டு, அவற்றை யாழிலிட்டு மகிழ்ந்து, அதன் பின்னரே, என்றும் உடனிருந்து பதிகங்களை யாழில் வாசிக்கும் பேற்றினைத் தமக்கு அருள வேண்டுமென விண்ணப்பித்தார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வழிபாடு. அடுத்துக் கேட்டல். பிறகு உடன் வாசித்தல். சேர வேண்டும் என்ற விண்ணப்பம் இறுதியில்தான்.

அந்தக் குழுவில் குலம் பார்க்கப்படவில்லை. அக்காலச் சமுதாயம் தள்ளி வைத்த பாணர் மரபினரை, சாத்தமங்கையில் அந்தணரான திருநீலநக்கர் தம் இல்லத்தில் வேள்விக் குண்டத்தின் அருகிலேயே தங்கச் செய்தார். அப்போது வேள்வித் தீ வலமாகச் சுழன்று ஓங்கிற்று என்கிறது புராணம். மதங்கசூளாமணியாரும் கணவருடன் பயணம் முழுவதும் உடன் சென்றார். பிறப்பைக் கேட்டு இடம் தரும் குழுவாக இருந்தால், எத்துணை நன்றாக முழங்கினாலும் அது சம்பந்தர் வழியில் வந்த குழுவாகாது.

இவ்வரலாற்றின் மையம் திருத்தருமபுரத்தில் இருக்கிறது. அது பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர், பாணர் யாழில் இட்டு வாசிப்பதால்தான் சம்பந்தரின் பதிகம் உலகெங்கும் பரவுகிறது என்று புகழ்ந்தார்கள். பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றை அருளுமாறு சம்பந்தரிடம் தாமே வேண்டினார். அவ்வாறே எழுந்ததுதான் யாழ்முரிப் பதிகம். அதனை வாசிக்க முயன்று இயலாமல், யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார். இறையருளின் பெருமை கருவியில் அடங்குவதன்று, இயன்ற அளவில் வாசித்தால் போதும் என்று தேற்றி யாழை அவர் கையிலேயே கொடுத்தார்.

குழுக்கள் சுருதி சேராமல் பிரிவது அரிது. “நீ இல்லாவிட்டால் அவர்களுக்கு ஏது பெயர்?” என்று உறவினரும் நண்பரும் சொல்லும் ஒரு சொல்லால்தான் பெரும்பாலும் பிரிகின்றன. அச்சொல்லைக் கேட்டபோது நடுங்கிய கலைஞரும், அவருடைய கருவியை உடைய விடாத தலைவரும் ஓரிடத்தில் சேர்ந்ததால் அக்குழு இறுதிவரை நிலைத்தது. நல்லூர்ப்பெருமணத்தில் சம்பந்தர் சோதியில் கலந்தபோது பாணரும் மனைவியாருடன் உடன் கலந்தார். சேரப்போகும் இளைஞர் தம்மையும் தலைவரையும் எடைபோட இதைவிடச் சிறந்த துலாக்கோல் இல்லை.

பக்தி இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. முதலாம் இராசராச சோழன் அப்படி எண்ணவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, இந்த 50 பேருக்கும் நாள்தோறும் தலைக்கு மூன்று குறுணி நெல் எனக் கல்லிலேயே வெட்டி வைத்தான். ஒருவர் மறைந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவ்விடத்தை நிரப்பும் முறையும் அக்கல்வெட்டில் உண்டு. வங்கியில் பல்லாண்டு பணியாற்றிய எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றும்.

எனவே அவ்விளைஞரிடம் சில வினாக்களைக் கேட்டு வரச் சொன்னேன். 15,000 ரூபாய்க்கு ரசீது உண்டா? வாங்கும் முரசு குழுவுக்கு உரியதா, அவருக்கு உரியதா? விலக நேர்ந்தால் பணம் திரும்புமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ்க் குழு பதிவு பெற்றுள்ளதா? வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருவர் கையொப்பத்துடன் இயங்குகிறதா? இவ்வாறு கேட்பது ஐயப்படுவதாகாது. சிவன் சொத்துக்குக் காவல் வைப்பதாகும்.

காலத்தையும் கணக்கிட்டோம். பிரதோஷ காலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. மாதத்துக்கு இரண்டாக ஆண்டுக்கு ஏறத்தாழ 24. மதிய முறைப் பணி வாரங்களில் அவரால் வர இயலாது. ஆக, பாதிக்குத்தான் வருவார். இதனை முதல் நாளே குழுவினரிடம் சொல்லிவிட வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் வருகிறேன்’ என்று ஆர்வத்தில் வாக்களித்துவிட்டு, பின்பு தொழிற்சாலையில் பொய்க் காரணம் கூறி விடுப்பு எடுப்பது இறைபணி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. பல கோயில்களில் நாகசுரமும் தவிலும் வாசிப்போர் அந்த வருவாயை நம்பி வாழ்பவர்கள். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிப்பது நம் மரபு. பெருமுரசு முழக்கத்தில் அது அமிழ்ந்துவிடலாகாது. நாகசுரம் ஒலிக்கும்போது ஓய்ந்து நின்று, தம் முறை வரும்போது முழங்குகின்ற குழுவா என்று பார்க்க வேண்டும். ஒரு கலைஞரின் பிழைப்பை மூடிவிட்டு எழுப்பும் ஒலி எத்துணைப் பெரிதாயினும் இறைவன் செவிக்கு எட்டுமா? இரவு 10 மணிக்கு மேல் முழக்காத கட்டுப்பாடும் வேண்டும். முரசின் அருகிலேயே நிற்போர் காதுகளைக் காத்துக்கொள்வதும் அவசியம்.

அவர் மூன்று பிரதோஷங்களுக்குக் கருவி எதையும் தொடாமல் குழுவினருடன் சென்று, தாளம் சுமந்து, கேட்டு வந்தார். என் வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல விடைகள் கிடைத்தன. பதிவு மட்டும் இன்னும் ஆகவில்லை. பதிவு முடியும் வரை பணம் தருவதில்லை, காலை முறை வாரங்களில் வந்து வாசிப்பேன் என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறார். பஜனை முதியோரிடம் தாமே நேரில் சென்று தெரிவித்தார். சனிக்கிழமையை விடவில்லை. அங்கே பாட வரும் பள்ளி மாணவி ஒருத்திக்கு மிருதங்கப் பாடமும் தொடங்கியிருக்கிறார். இரண்டையும் எத்தனை காலம் தாங்குவார் என்பதை நாள்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதையும் மறைத்துத் தொடங்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

திருமுறைகள் மீண்டும் கிடைத்தபோது அவற்றின் பண்முறை எவருக்கும் தெரியவில்லை. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னரும் இறைவனை வேண்ட, எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்கள் வகுக்கப்பெற்றன என்கிறது திருமுறைகண்ட புராணம். பாணர் அன்று ஒரு குழுவில் சேர்ந்ததன் பயன், பல தலைமுறைகளுக்குப் பின் தமிழுலகம் முழுமைக்கும் கிட்டியது. சம்பந்தருக்கும் யாழ்ப்பாணருக்கும் குருபூசை நாள் ஒன்றே: வைகாசி மூலம். அன்று அருகிலுள்ள சிவாலயத்துக்குக் குடும்பத்துடன் சென்று, நாயன்மார் வரிசையில் யாழ் ஏந்தி நிற்பவரையும் தேடிக் கண்டு வணங்குங்கள்.